இடப்பக்கத்தில் இருப்பவள்

1

நான் பினாங்குக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் நிறைவடைந்த நாளன்று, என் கணவர் செல்வம் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி தாதியிடம் கேட்டார்: "மிஸ்ஸி, என் ஒய்ஃப் வந்துட்டாங்களா?"

நான் அவருடைய தலையணைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவருடைய இடது தோளில் என் கை இருந்தது. தாதி என்னைப் பார்த்தாள். "இங்கதாங்க இருக்கேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே வலப்பக்கம் திரும்பி, சன்னலோரமிருந்த காலி பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். "வெயில்ல வந்தியா? தண்ணி குடி" என்று அதனிடம் சொன்னார்.

அது பகல் பன்னிரண்டே முக்கால், பார்வையாளர் நேரம். வார்டு முழுக்கச் சோற்று வாசனையும் பேச்சுச் சத்தமும். அந்த வெளிச்சத்தில், அத்தனை பேருக்கு நடுவில், நான் இல்லாமல் இருந்தேன்.

மூளையின் வலப்பக்கம் அடைப்பு வந்தால் உடலின் இடப்பக்கம் செயலிழக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கையும் காலும் போனது எங்களுக்குப் புரிந்தது. ஆனால் அவருக்கு உலகத்தின் இடது பாதியே போய்விட்டது என்பதைப் புரிந்துகொள்ளச் சில நாட்கள் ஆயின. கண்ணில் பழுதில்லை. அந்தப் பக்கம் ஒன்று உண்டு என்பதே அவருக்கு மறந்துவிட்டது. குருடருக்கு இருட்டு தெரியும். இவருக்கு இருட்டும் இல்லை. தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்குக் கொஞ்சமாக வைத்திருக்கிறார்கள் என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மறுசோறு வந்ததாக நினைத்து நன்றி சொல்வார். பாதி முகத்தைச் சவரம் செய்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்தியாகக் கீழே வைப்பார்.

மதுரையிலிருந்து நண்பர்கள் கேட்கிறார்கள்: பெரிய டாக்டர் யார், என்ன சொல்கிறார்? பெரிய டாக்டர் காலையில் நான்கு நிமிடம் வருகிறார், நல்லவர். மிச்சமுள்ள பகலெல்லாம் செல்வத்தோடு இருப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றி ஊரில் யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

2

நான் வேலை பார்த்த நாளிதழில் 'மறுவாழ்வு' என்ற சொல்லை இரண்டு செய்திகளுக்குத்தான் போடுவோம். ஒன்று அகதி முகாம், இன்னொன்று குடிப்பழக்கம். இங்கே அது ஒரு வார்டின் பெயர். பக்கவாதம் வந்தவர்களை அபாயம் நீங்கியதும் இங்கே மாற்றுகிறார்கள். எழுந்து உட்காரக் கற்றுத்தருபவர் ஃபைசால், பிசியோ. கையை, கண்ணை, கவனத்தைப் பழக்குபவர் கவிதா.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். இத்தனை ஆண்டுகள் ஆகியும் மலாய் மொழியில் இடம் எது வலம் எது என்பது எனக்குக் குழம்பும். டாக்சிக்காரர்களைத் தெருத்தெருவாகச் சுற்றவைத்திருக்கிறேன். படிவத்தில் எந்தப் பக்கம் பலவீனம் என்ற கேள்விக்கு வலம் என்று குறியிட்டுவிட்டேன். ஃபைசால் அதைப் படித்தார், கட்டிலைப் பார்த்தார், பேனாவை எடுத்துத் திருத்தினார். பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் என் சிவப்பு அடையாள அட்டையைப் பார்த்து, எந்த ஊரம்மா என்று மலாயில் கேட்டார். அந்தக் கேள்வியை இங்கே யாராவது கேட்காத வாரம் கிடையாது.

கவிதாவுக்கு முப்பது வயதிருக்கும். நிபோங் திபாலிலிருந்து தினமும் பாலம் தாண்டிக் காடி, அதாவது கார், ஓட்டி வருகிறாள். வந்த அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள்: வலப்பக்கம் யாரும் நிற்கவோ உட்காரவோ கூடாது. பேசுவது, ஊட்டுவது, தொடுவது எல்லாம் இடப்பக்கத்திலிருந்துதான்.

"அவருக்கு அந்தப் பக்கம் தெரியலையே" என்றேன்.

"அதுக்குத்தான்கா. அவருக்கு வசதியான இடத்துல நாம போய் நின்னா, அவரு எதுக்குத் தேடப்போறாரு?"

பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னாள். நான்காவது வாரம் வியாழக்கிழமை மருத்துவரும் இவர்களும் சேர்ந்து மதிப்பீடு செய்வார்கள். அதற்குள் அவர் இடப்பக்கம் தலையைத் திருப்பி, யாரும் பிடித்துத் திருப்பிவிடாமல், என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு முறை போதும். கண்டுபிடித்தால் பயிற்சி பலிக்கும் என்று வைத்துக்கொண்டு கட்டிலை நீட்டிப்பார்கள். இல்லையென்றால் கட்டில் வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்குப் போகும். இவர் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் ஏதாவது பராமரிப்பு இல்லத்துக்குப் போகவேண்டும். வீட்டுக்கு அழைத்துப்போக முடியாது. எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் எங்கள் தளத்தில் நிற்பதில்லை, அரைத் தளம் படியிறங்க வேண்டும். தன் உடலில் பாதி இருப்பதே தெரியாதவரை நான் ஒருத்தி இறக்கி ஏற்ற முடியாது. சக்கர நாற்காலியின் சக்கரத்தில் இடது கை சிக்கினாலும் அவர் சிரித்துக்கொண்டே போவார்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மணவறையில் தாலி கட்டியானதும் என்னை எழுப்பி அவருடைய இடப்பக்கம் உட்காரவைத்தார்கள். அதிலிருந்து நான் இடம் மாறவேயில்லை. அவர் காடி ஓட்டும்போது இடப்பக்க இருக்கை. கட்டிலில் இடப்பக்கம். பிறை என்ற ஊரிலிருக்கும் தொழிற்சாலைக்கு அவரை ஏற்றிக்கொண்டு போகும் பஸ் வரும்வரை சாலையோரத்தில் நின்று பேசியதும் அதே பக்கம். நான் வாழ்ந்த பக்கம் எதுவோ அதுதான் அவரிடமிருந்து போயிருக்கிறது.

3

ஆறாம் நாள் போர்வையைச் சரிசெய்தேன். "மெதுவாப் பேசு வசந்தா" என்று என் பெயரைச் சொல்லி நாற்காலியிடம் கிசுகிசுத்தார். "பெட்ல ஒரு ஆளு படுத்திருக்காரு."

தன் வலது கையால் இடது கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு அதை, தூங்குகிறவர் கையைக் கீழே வைப்பதுபோலப் பக்குவமாக வைத்தார்.

"யாருங்க அது?"

"பக்கத்து பெட் சீன அங்கிள். அவரு போயிட்டாரு. கைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாரு. தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கும். மணிக்கட்டுல செவப்புக் கயிறு கட்டியிருப்பாரு."

பக்கத்துக் கட்டில் இடப்பக்கம் இருந்தது. அதில் ஒரு சீன முதியவர் இருந்தார். செல்வம் இந்த வார்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலை அந்த முதியவர் இறந்தார். திரையை இழுத்துவிட்டு எடுத்துப் போனார்கள். அவரைப் பற்றி நாங்கள் யாரும் செல்வத்திடம் பேசவில்லை. அந்தப் பக்கம் செல்வம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த முதியவர் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு இருந்தது. நான் பார்த்திருக்கிறேன்.

செல்வத்தின் மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை மட்டும்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். கை ஜில்லென்றுதான் இருந்தது.

மறுநாள் கவிதாவிடம் சொன்னேன். கண் எல்லாவற்றையும் பார்க்கிறது, மூளைதான் அதை எடுத்துச் சொல்வதில்லை என்றாள். நாளிதழ்க்காரிக்கு இது புரியும். செய்தி வந்து மேசையில் கிடக்கிறது, பக்கத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டேன். இன்றும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இடது கைக்கு எண்ணெய் தடவும்போது மணிக்கட்டை மட்டும் விட்டுவிட்டுத் தடவினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் கையைக் காட்டிய அன்று நான் ஒரு பதில் சொல்லியிருந்தேன். களைப்பு, அவரும் பயந்திருந்தார். "சரி, அங்கிள் கையாவே இருக்கட்டும். நீங்க தூங்குங்க" என்றேன். அவர் நிம்மதியாகத் தூங்கினார். நானும் நல்லது செய்ததாக நினைத்தேன்.

4

அடுத்தது என் நாத்தனார் பரமேஸ்வரி. செல்வத்தின் அக்கா. பிறந்ததிலிருந்து சீனர்களுக்கு நடுவே வாழ்ந்தவள். நல்ல நாளுக்கு மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தால், தெருமுனையிலிருக்கும் சீனச் சாமியின் சிவப்பு மாடத்துக்கும் ஓர் ஊதுபத்தி வைப்பாள். தம்பி சொன்ன கதையைக் கேட்டதும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அப்போது சீனர்களின் ஏழாம் மாதம். பசித்த ஆவிகள் வெளியே உலவும் மாதம் என்று தெருவோரங்களில் காகிதம் எரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே சாம்பல் வாசனையாக இருந்தது.

செத்தவர்களுக்குக் காகிதத்தில் சட்டை, செருப்பு, கைத்தொலைபேசி எல்லாம் செய்து விற்கும் கடைகள் இங்கே உண்டு. எரித்தால் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. பரமேஸ்வரி அப்படி ஒரு கடைக்குப் போய், ஒரு கை வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லையாம். வலதா இடதா என்று மட்டும் கேட்டு, கால் மணி நேரத்தில் மூங்கில் குச்சியும் காகிதமும் வைத்து ஐந்து விரலோடு செய்து கொடுத்தாராம். அதை வீட்டு வாசலில், வாழைப்பழம், வெற்றிலை, அவர்கள் ஊதுபத்தி, நம் ஊதுபத்தி எல்லாம் வைத்து எரித்துவிட்டு, நேராக வார்டுக்கு வந்தாள்.

"தம்பி, அங்கிளுக்குப் புதுக் கை அனுப்பியாச்சு. வெள்ளிக்கிழம அவரு கெளம்பிடுவாரு. பழசையும் கையோட எடுத்துட்டுப் போயிடுவாரு. நீ பயப்படாத."

இடப்பக்கம் நின்றுதான் சொன்னாள். கவிதாவின் சட்டத்தை மீறவில்லை.

அன்றிலிருந்து செல்வம் பயிற்சிக்கு இடது கையைக் கொடுக்கவில்லை. கவிதா அதைத் தொட வந்தால் மரியாதையாகத் தடுத்தார். "வெள்ளிக்கிழம போற ஆளுக்கு எதுக்கு மிஸ்ஸி எக்சர்சைஸ்?" ஃபைசால் எழுப்பி உட்காரவைத்தால், படுத்திருப்பவருக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று கட்டில் விளிம்புக்கு ஒதுங்கினார். இரண்டு முறை விழப்பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலை அவரே முகம் கழுவச் சொல்லிக் காத்திருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது போர்வையைத் தூக்கிப் பார்த்தார். கை இருந்தது. போர்வையை மறுபடி மூடி, காலி நாற்காலியிடம் மிகத் தாழ்ந்த குரலில், "இவரு போகல. இங்கேயே இருக்கப் போறாரு போல" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. வலது கையைப் போர்வைக்கு வெளியிலேயே வைத்திருந்தார்.

கவிதா எங்கள் இருவரையும் நடைபாதைக்கு அழைத்தாள். யார் முதலில் 'ஆமாம்' என்று சொன்னது என்று கேட்டாள். பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"அக்கா, அவர்கிட்ட சண்டை போடாதீங்க. பொய்யின்னும் சொல்லாதீங்க. ஆனா ஆமான்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு அப்படித் தெரியலைங்க, இது உங்க கைதான்னு சொல்லுங்க. நூறு தடவ கேட்டா நூறு தடவ. நீங்க சமாதானம்னு சொன்னதுல எனக்கு ஒரு வாரம் போச்சு. அவருக்கு எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியல."

"நாங்க நல்லதுக்குத்தானே செஞ்சோம்?" என்றாள் பரமேஸ்வரி.

"தெரியும்கா. கடைக்காரரும் நல்லாத்தான் செஞ்சு குடுத்திருப்பாரு."

5

என் அப்பாவுக்கு மதுரையில் இதே நோய் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "அசையாதீங்க, நாங்க இருக்கோம்ல" என்பதுதான் எல்லோரும் சொன்னது. அவர் தண்ணீர் டம்ளருக்குக் கை நீட்டினால் மூன்று பேர் ஓடினோம். ஒன்பது ஆண்டுகள் ஓடினோம். அவர் சாகும்போது உடலில் படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. ஊர் எங்களைப் பாராட்டியது. ஆனால் அவர் தானாக ஒரு டம்ளரைத் தூக்கியதில்லை. அப்பா நடந்திருப்பாரா என்று இப்போது கேட்பதில் பயனில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

6

அந்த வெள்ளிக்குப் பிறகு வேலை மிகச் சிறியதாகவும் மிக மெதுவாகவும் நடந்தது. கவிதா சாப்பாட்டுத் தட்டின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டினாள். சிவப்பு தெரியும்வரை தேடிய பிறகுதான் முதல் கவளம். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்து இடது தோளில் வைப்பாள்.

"இது யாரோட தோளு அண்ணே?"

"என்னோடது."

கையை இரண்டு விரல் அளவு கீழே இறக்குவாள். இது? என்னோடது. இன்னும் கொஞ்சம். என்னோடது. முழங்கைக்கு மேல் ஓரிடத்தில் நின்றுவிடுவார். "இதுக்குக் கீழ அவரோடது." அந்த இடத்தில் கவிதா பேனாவால் கோடு போடுவாள். முதல் நாள் கோடு முழங்கைக்கு மேலே. அடுத்த நாள் முழங்கையில். அதற்கடுத்த நாள் மறுபடி மேலே ஏறிவிட்டது, அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை. பழைய கோடுகள் சோப்புப் போட்டும் முழுதாக அழியாமல் அந்தக் கையில் கிடந்தன. இருவர் ஓர் எல்லைக்குத் தகராறு செய்கிற நிலத்தின் வரைபடம்போல இருந்தது கை.

மெல்போர்னிலிருந்து எங்கள் மகள் நிலா வீடியோவில் வந்தாள். கவிதா சொன்னபடி தொலைபேசியை இடப்பக்கம் பிடித்தேன். "அப்பா, ஐ'ம் ஹியர், இங்க பாருங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் நாற்காலியிடம், "பாப்பா வந்துட்டாளா? நீயும் அவளும் ஒரே மாதிரி பேசறீங்க" என்றார். நிலா அழுதாள். என்னைத் திட்டினாள். வலப்பக்கம் பிடித்தால் என்ன, பார்க்கட்டுமே, ஒய் ஆர் யூ டூயிங் திஸ்? எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான்கு அடி நகர்ந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்னைப் பார்ப்பார். உட்காரவில்லை. சட்டத்துக்கு மட்டும் பயந்தேன் என்று சொல்லமுடியாது. அங்கே ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிட்டது. அவளிடம் அவர் நிறையப் பேசினார்: தொழிற்சாலைக் கதை, என் சமையலைப் பற்றிய குறை, இளவயதில் நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பாம்பு பார்த்த கதை. அந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னதில்லை.

7

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு மதிப்பீடு. மருத்துவர், ஃபைசால், கவிதா மூவரும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். நான் இடப்பக்கம். பேசக் கூடாது, தொடக் கூடாது. பரமேஸ்வரி வார்டுக்கு வெளியே நின்றாள்.

கோடு அன்று மணிக்கட்டில் இருந்தது. மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில், உங்கள் மனைவி எங்கே என்று கேட்டார்.

செல்வம் யோசிக்கக்கூட இல்லை. வலது கையை நீட்டி, "தேர்" என்று ஆங்கிலத்திலேயே சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

மருத்துவர் மறுபடி கேட்டார். நன்றாகத் தேடிப் பாருங்கள் என்றார். செல்வம் அவரை இரக்கத்தோடு பார்த்து, கொஞ்சம் சத்தமாக, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து, "தேர் லா, டாக்டர்" என்றார். மருத்துவர் கோப்பில் எழுதத் தொடங்கினார். நீளமாக எழுதவில்லை, ஒரு வரிதான். கவிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்வையாளர்கள் உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள். அந்த வார்டில் நாற்காலிக்கு எப்போதும் பஞ்சம். எதிர்க்கட்டில் குடும்பத்தினர் கேட்டிருக்க வேண்டும்; வார்டுப் பணியாளர் ஒரு மலாய் அம்மா வந்து, சன்னலோரமிருந்த அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் கால்மாட்டைச் சுற்றிக் கதவுப் பக்கம் நடந்தாள். கதவு இடப்பக்கம்.

"வசந்தா?" என்றார் செல்வம்.

அவர் கண் நாற்காலியோடு போனது. கண் நின்ற இடத்தில் தலை தொடர்ந்தது. மூக்கு நடுக்கோட்டைத் தாண்டியது. கழுத்து நரம்பு இழுபட்டுத் தெரிந்தது. "எங்க போற? சொல்லிட்டுப் போ." ஃபைசால் மருத்துவரின் பேனாமீது கை வைத்தார். தலை இன்னும் திரும்பியது, தட்டின் சிவப்பு நாடாவைத் தாண்டி, கட்டிலின் விளிம்பைத் தாண்டி.

நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும், நேராக.

"நீ இங்க இருக்க" என்றார்.

பிறகு என் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தார். நாற்காலி வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அப்ப போறது யாரு?"

கவிதா எனக்குக் கற்றுத்தந்ததைச் சொன்னேன். "எனக்கு யாரும் தெரியலைங்க. நான் இங்கதான் இருக்கேன். முதல் நாள்லேருந்து."

அவர் அதை ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. மருத்துவர் தாம் எழுதிய வரியை அடித்தார். இரண்டு வாரம் நீட்டிப்பதாக மலாயில் சொன்னது என் காதில் விழுந்தது. செல்வம் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதைப் பார்ப்பதற்காகத் தலையை இடப்பக்கமே வைத்திருந்தார்; இடையில் என் முகம் இருந்தது.

"இத்தன நாள் பேசிக்கிட்டு இருந்தா. ஒரு வார்த்த சொல்லாம போறா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயாவது இருலா" என்றார்.